சக்கரம் இறங்காத விமானம்

“இதுதான் ஜி பட்டன். அழுத்தறேன், பாருங்க. சக்கரம் இறங்குதுங்களா? மறுபடி அழுத்தறேன். ஏறிப்போச்சு. இதுல என்ன கோளாறுன்னு நீங்களே சொல்லுங்க.”

ஹர்ஷா கீபோர்டைத் துப்பறிய வந்திருந்த ராமாமணியின் பக்கம் தள்ளினான். வார்த்தையில் இருந்த மரியாதை அவன் முகத்தில் இல்லை. இருந்தால்தான் அதிசயம். போட்டி முடிந்ததிலிருந்து அவனுடைய கம்ப்யூட்டர் சென்டரைப் பற்றித்தான் சிங்காநல்லூர் முழுக்கப் பேச்சு. ஒரு பெண் ஜெயித்துவிடக் கூடாதென்று கீபோர்டில் கை வைத்துவிட்டார்களாம்.

ஒரு நூற்பாலைக் குடும்பத்தின் அறக்கட்டளை, இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருவரைத் தன் செலவில் விமானி ஆக்குவதாக அறிவித்திருந்தது. ஒரே ஒரு இடம். எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்குக் கடைசிச் சுற்று ஹர்ஷாவின் சென்டரில் நடந்தது. விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு. நிஜ விமானத்தில் இருக்கும் முள்ளும் அளவியும் அப்படியே திரையில் தெரியும். மேலே ஏற்றி, ஒரு வட்டம் அடித்து, பத்திரமாகத் தரையில் இறக்க வேண்டும்.

கருமத்தம்பட்டி லோகப்பிரியா அழகாக ஏற்றினாள். நூல் பிடித்த மாதிரி வட்டம் அடித்தாள். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்ததும் சக்கரத்தை இறக்க ஜியைத் தட்டினாள். சக்கரம் இறங்கவில்லை, இன்ஜின் நின்றது. எரிபொருளை நிறுத்தும் எஃப் பட்டனை அழுத்தியதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே குப்புற விழுந்து திரை சிவந்தபோது, பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

“நான் ஜியைத்தான் அழுத்தினேன்” என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. காங்கேயத்து மனோஜ்குமாருக்கு இடம் கிடைத்தது. விசைத்தறி முதலாளியான அவளுடைய அப்பா காளிச்சாமி, விவகாரத்தை ராமாமணியிடம் கொண்டுவந்தார்.

ராமாமணி முன்பு போலீஸ் இலாகாவில் சுருக்கெழுத்துத் தட்டச்சராக இருந்தவள். சாட்சி சொன்னது ஒன்று, அவளை டைப் அடிக்கச் சொன்னது இன்னொன்று என்று ஆகிப்போன ஒரு நாளில் வேலையை விட்டுவிட்டு வந்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் துப்பறியும் அலுவலகம் போட்டாள். உதவியாளன் லட்சுமிநாராயணன் பழைய பஸ் கண்டக்டர். வேலையை விட்டு இறங்கிவிட்டான். வாய் மட்டும் இன்னும் படிக்கட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

“மேடம், நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா?” என்று நாற்காலியில் உட்கார்ந்தவன், விமானத்தைக் கிளப்பிய வேகத்தில் ஒரு மலையில் கொண்டுபோய் மோதினான். “மருதமலைக்கு ஒரு டிக்கெட். எல்லாரும் இறங்குங்க.”

ராமாமணி சிரிக்கவில்லை. கீபோர்டையே பார்த்தாள். “இது புதுசாட்ட இருக்குதே. போட்டியன்னைக்கு இருந்தது எங்கீங்க?”

லட்சுமிநாராயணன் நிமிர்ந்தான். “அப்படிப் போடுங்க! போட்டி முடிஞ்சதும் கீபோர்டை மாத்திப்போட்டாரு!”

“நானா மாத்தலீங்க” என்றான் ஹர்ஷா எரிச்சலோடு. “அந்தப் பொண்ணோட அண்ணன் கிருபாசங்கர் வந்து, ‘என் தங்கச்சியை ஏமாத்திப்போட்டீங்களா’ன்னு கத்தி, அதைத் தூக்கித் தரையில அடிச்சாரு. தங்கச்சி மேல அவ்வளவு பாசம். நஷ்டம் எனக்கு.”

உள்ளேயிருந்து பழைய கீபோர்டைக் கொண்டுவந்தான். ஒரு ஓரம் சிதறியிருந்தது. கீழ்வரிசையில் பட்டன்கள் சில உதிர்ந்திருந்தன. ஆனாலும் கம்ப்யூட்டரில் சொருகியதும் உயிர் வந்தது. ராமாமணி ஜியை அழுத்தினாள். திரையில் ஜி வந்தது. எஃப்பை அழுத்தினாள், எஃப் வந்தது.

“இதே கீபோர்டுலதான் எல்லாரும் ஓட்டுனாங்களா?”

“எல்லாருந்தாங்க. அந்தப் பொண்ணுக்கு முன்னாடி ஓட்டுனவங்களும் சரி, பின்னாடி ஓட்டுனவங்களும் சரி, ஒருத்தரும் ஒரு குறை சொல்லலை.”

கதவோரம் நிழலாடியது. மெலிந்த, உயரமான பையன் உள்ளே வரத் தயங்கி நின்றான். ஹர்ஷா சொல்லியனுப்பி வந்த மனோஜ்குமார். எண்ணெய் ஆலைக்காரரின் மகன். ஜெயித்தவன் முகம் மாதிரியே இல்லை.

“காங்கேயத்துல டீக்கடையில உக்கார முடியலீங்க” என்றான். “திருட்டுப் பைலட்டுன்னு கூப்புடறாங்க.”

“அந்தப் பொண்ணு ஓட்டும்போது நீங்க எங்க நின்னீங்க தம்பி?”

“பக்கத்துலயேதானுங்க. அடுத்தது நானுங்க. அவங்க ஓட்டறதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒருக்காக்கூடக் கீழ குனிஞ்சு கீபோர்டைப் பாக்கலீங்க. கண்ணு திரையில, கை தானாப் போவுது. நானெல்லாம் ஒவ்வொரு எழுத்தாத் தேடித்தேடிக் குத்தறவன். இவங்களை எங்க ஜெயிக்கறதுன்னு நெனச்சேன்.”

“கடைசில எந்தப் பட்டனை அழுத்துச்சு?”

“எஃப்புங்க. என்ற கண்ணால பாத்தேன். அப்பவே சொல்லியிருப்பேன். ஜெயிச்சவன் சொன்னா யாருங்க நம்புவாங்க?”

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது லட்சுமிநாராயணன் தீர்ப்பு எழுதிவிட்டான். “பையன் பொய் சொல்றானுங்க. மூஞ்சியப் பாருங்க, திருட்டு முழி.”

“ஊரே திருடன்னு சொன்னா எல்லாருக்கும் அந்த முழிதான் வரும், நாராயணா. அந்தப் பொண்ணு சொல்றதும் நெசம், இவன் சொல்றதும் நெசம்னு வெச்சுக்க. அப்ப என்ன நடந்திருக்கோணும்?”

“ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் கண்ணு அவிஞ்சிருக்கோணும்.”

“அந்தப் பொண்ணுதான் பாக்கவே இல்லையே” என்றாள் ராமாமணி. “வண்டியை அவிநாசி ரோட்டுக்கு விடு.”

கருமத்தம்பட்டியில் காளிச்சாமியின் வீடு தறிக் கொட்டகைக்கு மேலே இருந்தது. கீழே தறிகள் ஓட, மாடித் தரையே லேசாக அதிர்ந்தது. வெளியாள் வந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்; வீட்டு மனிதர்கள் அந்த இரைச்சலுக்குள்ளேயே சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள்.

“வாங்க, வாங்க. ஏனுங்க, அந்த சென்டர்காரன் ஒத்துக்கிட்டானுங்களா?” என்றார் காளிச்சாமி.

“இன்னும் இல்லீங்க. அம்மணி பழகுன கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பாக்கோணும்.”

லோகப்பிரியாவுக்கு இருபது வயதிருக்கும். இடதுகை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. அடிபட்டதா என்று ராமாமணி கேட்டதற்கு, “நானே சுவத்துல இடிச்சுக்கிட்டனுங்க அக்கா. இந்த விரல்தான அழுத்துச்சு” என்றாள். அழுது முடித்த குரல்.

கம்ப்யூட்டர் உள்ளறையில் இருந்தது. போட்டி பற்றிய அறிவிப்பு வந்ததுமே அந்த விளையாட்டோடு சேர்த்து அண்ணன் வாங்கிவந்தது. ஆம்பளைப் பையன்கள் வந்துபோகும் சென்டருக்குப் பெண்பிள்ளை எதற்குப் போக வேண்டும், வீட்டிலேயே நான் சொல்லித்தருகிறேன் என்று சொன்னானாம். சொன்னபடியே தினமும் சாயங்காலம் தறிக் கொட்டகையிலிருந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அண்ணனா என்று உறவில் எல்லோரும் மெச்சினார்கள்.

“எனக்கு ஒருக்கா ஓட்டிக் காட்டு கண்ணு.”

லோகப்பிரியா உட்கார்ந்தாள். துணி சுற்றிய விரலோடுதான் ஓட்டினாள். விமானம் ஏறியது, திரும்பியது, ஓடுபாதையை நோக்கி இறங்கியது. விரல் ஒரு பட்டனைத் தட்டியது. சக்கரம் இறங்கிப் பூப்போலத் தரையைத் தொட்டது. அவள் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

“அட, கண்டக்டர் விசில் ஊதக்கூட நேரம் குடுக்கல” என்றான் லட்சுமிநாராயணன். அவன் கேலிக்குள் மரியாதை இருந்தது.

“இதுல நீங்க யாராச்சும் டைப் அடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள் ராமாமணி.

“இல்லீங்க அக்கா. இந்த விளையாட்டு மட்டுந்தான்.”

ராமாமணி நாற்காலியில் அமர்ந்தாள். வருஷக்கணக்காகத் தட்டச்சு செய்த கை. கீபோர்டைக் கண்டால் தானாகவே அதன் இடத்தில் போய் உட்காரும். எஃப் மேலேயும் ஜே மேலேயும் ஒரு சின்ன மேடு இருக்கும். பார்க்காமல் அடிப்பவர்களுக்காக வைத்தது. இரண்டு ஆள்காட்டி விரல்களும் அந்த மேடுகளைத் தேடிப் போய் உட்கார்ந்தன.

கைகள் இரண்டும் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டன.

விரல்களை எடுத்து மறுபடி வைத்தாள். அதே நெருக்கம். நடுவில் இரண்டு பட்டன்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது.

“என்ன மேடம், கீபோர்டு சின்னதாப் போச்சுங்களா?”

“கீபோர்டு அதே அளவுதான். மேடு நகர்ந்திருக்குது.” விளையாட்டை மூடிவிட்டு எழுதும் திரை ஒன்றைத் திறந்தாள். “அம்மணி, ஜின்னு எழுதியிருக்கற பட்டனைப் பாத்து அழுத்து.”

லோகப்பிரியா குனிந்து பார்த்து அழுத்தினாள். திரையில் எஃப் வந்தது.

“எஃப்பை அழுத்து.”

ஜி வந்தது.

லட்சுமிநாராயணன் திரையை எட்டிப் பார்த்தான். “அப்ப விளையாட்டுல மட்டும் எப்படீங்க சரியா வருது?”

“பட்டன் மூடி ரெண்டையும் நெம்பி எடுத்து இடம் மாத்திப் போட்டிருக்காங்க. விளையாட்டுக்குள்ள போய், எந்தப் பட்டன் எதைச் செய்யோணுங்கறதையும் மாத்தி வெச்சிருக்காங்க. அதனால இங்க ஓட்டும்போது எல்லாம் சரியாட்டந்தான் இருக்கும். எழுத்தைத் தேடி அழுத்தறவங்களா இருந்தா வேற எங்க போனாலும் தப்பாது. பாக்காமப் பழகுனவங்களுக்கு விரல் பழைய இடத்துக்குத்தான் போகும். சென்டர்ல இருந்த கீபோர்டு சரியான கீபோர்டு கண்ணு. அங்க இந்த இடத்துல இருந்தது எஃப்பு.”

லோகப்பிரியா துணி சுற்றிய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காளிச்சாமிக்கு விஷயம் மெதுவாகத்தான் ஏறியது.

“யாருங்க? சென்டர்காரன் ஆளு விட்டு எங்கூட்டுக்குள்ள பூந்து…”

“இல்லீங்க. பழக ஆரம்பிச்ச பின்னால மாத்தியிருந்தா அம்மணிக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், கை தடுமாறியிருக்கும். முதல் நாளே மாத்தி வெச்சுப்போட்டுத்தான் முன்னால உக்கார வெச்சிருக்காங்க. அப்புறம் தினமும் பக்கத்துல இருந்து, ‘கீழ பாக்காதே, திரையப் பாரு’ன்னு பழக்கியிருக்காங்க. அப்படித்தான சொல்லிக் குடுத்தாங்க அம்மணி?”

அவள் நிமிர்ந்தாள். வாசற்படியைப் பார்த்தாள். அண்ணன் கிருபாசங்கர் அங்கே நின்றிருந்தான். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

“சென்டர் கீபோர்டை உடைச்சது கோவத்துல இல்லீங்களே?” என்று ராமாமணி கேட்டாள். “அது நல்லா இருக்குதுன்னு யாரும் கண்டுபுடிக்கக் கூடாதுன்னுதான?”

அவன் மறுத்துப் பார்க்கவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

“வேற என்னங்க பண்றது?” என்றான். “அப்பா வேண்டாம்னு சொல்லுவாருன்னு பாத்தேன். அவரு என்னடான்னா எம்புள்ள பிளேன் ஓட்டப் போகுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. புவனா ஊட்ல பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறதாத்தான் பேச்சு. அவங்க பையனுக்கு இவ, எனக்குப் புவனா. இவ போயிட்டா அவங்க குடுப்பாங்களா? எனக்குப் புவனாவைத் தவிர வேற யாரும் வேண்டாம்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அண்ணா” என்றாள் லோகப்பிரியா.

“சொன்னா நீ நின்னிருப்பியா?”

“தெரியலை. நீ கேக்கவே இல்லையே.”

“விளையாட்டுத்தான லோகா. நெச பிளேனா விழுந்துச்சு?”

காளிச்சாமி கை ஓங்கிக்கொண்டு போனார். அதற்குள் அடுப்படியிலிருந்து ஓடிவந்த நாச்சியம்மாள் மகனுக்கு முன்னால் நின்றுகொண்டாள். ஓங்கிய கை அப்படியே இறங்கியது. பெற்றவள் திரும்பியது மகள் பக்கம்.

“நடந்தது நடந்துபோச்சு கண்ணு. இது வெளிய தெரிஞ்சா புவனா ஊட்ல என்ன நெனப்பாங்க? அண்ணன் வாழ்க்கையக் கெடுத்துப்போடாத சாமி. உனக்குந்தான் அங்க நல்ல எடம்.”

லோகப்பிரியா அம்மாவை ஏதோ புதிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று ராமாமணிக்குத் தோன்றியது.

காளிச்சாமி ராமாமணியை வெளியே, மாடிப்படிப் பக்கம் கூட்டிப்போனார். கீழே தறிகள் போட்ட இரைச்சலில் அவர் அவள் காதருகே குனிந்து பேச வேண்டியிருந்தது.

“ஏனுங்க, நீங்க ஒண்ணு பண்ணுங்க. சென்டர் கீபோர்டுதான் கோளாறுன்னு டிரஸ்ட்டுக்காரங்ககிட்டச் சொல்லிப்போடுங்க. அதான் ஒடஞ்சு கெடக்குதே, யாரு போய்ப் பாக்கப் போறாங்க? புள்ளைக்கு இன்னொருக்கா சான்ஸ் குடுப்பாங்க. பையன் பண்ணுனதும் வெளிய வராது.”

“மனோஜ்குமாருங்க?”

“அவனுக்கென்னங்க, எண்ணெய் ஆலை இருக்குது.”

“ஹர்ஷா?”

காளிச்சாமி பார்வையைக் கீழே தறிக் கொட்டகைப் பக்கம் திருப்பினார். கெட்ட மனிதர் இல்லை அவர். மகளின் கனவையும் மகனின் கல்யாணத்தையும் ஒரே பொய்யில் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்த தகப்பன். ராமாமணியின் மனசுக்குள் பழைய தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. உள்ளே இருக்கும் அந்தப் பெண்ணுக்காக ஒரே ஒருமுறை பொய்யை அடித்துக் கொடுத்தால் என்ன என்று அவளும் ஒரு கணம் யோசிக்கத்தான் செய்தாள். உண்மையைச் சொன்னால் லோகப்பிரியாவுக்கு ஒன்றுமே மிஞ்சாது. சென்டர் கீபோர்டு சரியாக இருந்தது என்றால் போட்டியும் சரி, தோல்வியும் சரி.

“வேண்டாமுங்கப்பா.”

லோகப்பிரியா பின்னாலேயே வந்திருந்தாள். அந்த இரைச்சலில் வளர்ந்தவளுக்கு எந்த ரகசியமும் கேட்காமல் போகாது.

“ஒரு பொய்யில பழகித்தான இந்தக் கெதிக்கு வந்தேன். இன்னொண்ணு வேண்டாம். டிரஸ்ட் ஆபீசுக்கு நானே போய்ச் சொல்றேன். அக்கா, என்கூட வர்றீங்களா?”

மறுநாள் காலையில் அறக்கட்டளை அலுவலகத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் பெயரை மட்டும் சொல்லவில்லை. வீட்டுக் கீபோர்டில் பட்டன் மாறியிருந்தது, தெரியாமல் பழகிவிட்டேன், சென்டர் மேல் தப்பில்லை என்றாள். அங்கிருந்த பெரியவர் அவளுடைய நேர்மையை வாயாரப் பாராட்டினார். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். மறுபோட்டி பற்றி ராமாமணி கேட்டபோது, “போட்டியில ஒரு தப்பும் நடக்கலைன்னு நீங்களே சொல்லிட்டீங்களே அம்மா” என்றார். அடுத்த வருஷம் இப்படி ஒரு திட்டம் இருக்குமா என்பது அவருக்கே தெரியாதாம்.

வாசலில் மனோஜ்குமார் நின்றிருந்தான், கையெழுத்துப் போட வந்தவன். லோகப்பிரியா அவனிடம் நேரே போனாள்.

“நீங்க ஏமாத்திப்போட்டீங்கன்னு நானும் நெனச்சனுங்க. மன்னிச்சுக்கோங்க.”

அவன் பதறிப்போனான். என்ன சொல்வதென்று தெரியாமல், மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டான். “நெசமாச் சொல்றனுங்க, நீங்க ஓட்டுன மாதிரி எனக்கு எப்பவும் வராது.”

நல்ல மனசோடு சொன்னதுதான். அதுவரை நிமிர்ந்தே இருந்த லோகப்பிரியாவின் தலை அந்த வார்த்தைக்குத்தான் கவிழ்ந்தது. அவள் விடுவிடுவென்று ரோட்டுக்கு வந்துவிட்டாள்.

அவிநாசி ரோட்டு நிறுத்தத்தில் அவளை ஏற்றிவிட மூன்று பேரும் பஸ்ஸுக்காக நின்றார்கள். லட்சுமிநாராயணன் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினான்.

“ஊட்டுக்குங்களா அம்மணி?” என்று மட்டும் கடைசியில் கேட்டான்.

“வேற எங்கீங்க போறது? இன்னைக்குப் புவனா ஊட்டுக்காரங்க நாள் குறிக்க வாராங்க. எனக்கு இஷ்டமில்லைன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா நாந்தான் சொல்லோணும். எங்கூட்ல எனக்காக யாரும் சொல்ல மாட்டாங்க.”

“நீ வேண்டாம்னா உங்க அண்ணனுக்கும் அது நின்னுபோகும் கண்ணு” என்றாள் ராமாமணி.

“தெரியுமுங்க அக்கா. ராத்திரி அண்ணன் வந்து என்ற காலைப் புடிச்சு அழுதான். எனக்கும் அழுகை வந்துச்சு. ஆனாலும் சொல்லத்தான் போறேன்.”

பஸ் வந்தது. லோகப்பிரியா கூட்டத்தில் முண்டி ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கே போக வேண்டும் என்று கண்டக்டர் கேட்டான்.

“கருமத்தம்பட்டி ஒண்ணு” என்று அவள் சத்தமாகச் சொன்னது வெளியே நின்ற ராமாமணிக்கும் கேட்டது.